பக்கத்து மேசைக் கணினி ஏன் தெரியவில்லை? உள்நெட்வொர்க் பற்றி வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். 1989-ல் பிரிந்து, 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரிந்த பிறகும் எங்கள் தலைமுறை இந்தப் பகுதியை வடஆற்காடு என்றே சொல்கிறது. ஆற்காடு சாலை லாட்ஜுகள், சத்துவாச்சாரி ஆடிட்டர் அலுவலகங்கள், காட்பாடி டிடிபி கடைகள், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் உள்ள தோல் தொழிற்கூடங்கள் என்று எங்கே போனாலும் முதலில் வரும் புகார் ஒன்றுதான்: "நெட்வொர்க்கைத் திறந்தால் எல்லாக் கணினியும் வரவேண்டும், வரவில்லை." அதற்கும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 பற்றியே அதிகம் இருக்கும். இங்குள்ள அலுவலகங்களில் அவைதான் அதிகம்.

"நெட்வொர்க்" என்பதைத் திறந்தால் வரும் பட்டியல் எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அந்தப் பட்டியல் யாரும் எழுதி வைத்த பதிவேடு அன்று. ஒவ்வொரு கணினியும் தானே எழுந்து "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கிறது. அந்த நேரத்தில் யாருடைய குரல் உங்கள் கணினியின் காதில் விழுந்ததோ அவர்களின் பெயர்கள் மட்டும் திரையில் வருகின்றன.

தெருவில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விற்றுக்கொண்டு வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கூவினால்தான் வந்திருப்பது தெரியும். தொண்டை கட்டி ஒரு நாள் கூவாமல் போனால், வண்டி வாசலிலேயே நின்றாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. நாம் கதவைச் சாத்திவைத்திருந்தாலும் கேட்காது. அவர் அடுத்த தெருவில் கூவினால் இந்தத் தெருவுக்கு எட்டாது. கணினிகளிலும் இதே மூன்று காரணங்கள்தான். குரல் கொடுக்கும் சேவை நின்றிருக்கும், அல்லது ஃபயர்வால் என்ற கதவு சாத்தியிருக்கும், அல்லது இரண்டும் வெவ்வேறு தெருக்களில் இருக்கும். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

விண்டோஸ் 7 இருந்தவரை எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததே?

தெரிந்தது. ஆனால் அப்போதும் ஒழுங்காக இல்லை. 1992-ல் வந்த விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் காலத்து முறை அது. கணினிகள் தங்களுக்குள் ஒரு தேர்தல் வைத்து ஒன்றைத் தலைமைக் கணினியாக்கும். மாஸ்டர் பிரவுசர் என்று அதற்குப் பெயர். மற்றவை எல்லாம் 12 நிமிடங்களுக்கு ஒருமுறை அதனிடம் ஆஜர் சொல்லவேண்டும். மூன்று முறை தொடர்ந்து ஆஜராகாத கணினியைத்தான் பட்டியலிலிருந்து எடுக்கும். அதனால் அணைத்துவிட்டுப் போன கணினியின் பெயர் 36 நிமிடம் வரை பட்டியலில் நிற்கும். அந்தப் பட்டியலின் நகலை வைத்திருக்கும் துணைக் கணினிகளில் 51 நிமிடம் வரைகூட நிற்கும். "பெயர் இருக்கிறது, சொடுக்கினால் திறக்கவில்லை" என்று அந்தக் காலத்தில் வந்த அழைப்புகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

இந்த முறை எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையைச் சார்ந்திருந்தது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியது அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ இயல்பாக வைத்திருப்பதை மைக்ரோசாஃப்ட் கைவிடத் தொடங்கியது. அதோடு சேர்ந்து அந்தத் தேர்தலும் பட்டியலும் போயின. 2018-ல், வீட்டுக் கணினிகளை எளிதாக இணைக்க இருந்த ஹோம்குரூப் வசதியும் போய்விட்டது.

எஸ்எம்பி 1-ஐ மறுபடி ஆன் செய்தால் எல்லாம் தெரியும் என்று வீடியோவில் சொல்கிறார்களே, செய்யலாமா?

செய்யாதீர்கள். பட்டியலில் பெயர் தெரியவேண்டும் என்பதற்காக வீட்டின் பின்சுவரை இடிப்பது போன்ற காரியம் அது. எஸ்எம்பி 1 திறந்திருக்கும் ஒரு கணினிக்குள் தீநிரல் வந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் யாரும் எதையும் சொடுக்காமலேயே பரவ முடியும். வானாக்ரை அப்படித்தான் பரவியது. ஏற்கெனவே யாராவது ஆன் செய்துவைத்திருந்தால், "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" பகுதிக்குப் போய் அந்தக் குறியை இன்றே எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் விண்டோஸ் 10, 11-ல் முறையாக என்ன செய்யவேண்டும்?

இப்போதைய முறைக்கு டபிள்யூஎஸ் டிஸ்கவரி என்று பெயர். தலைமைக் கணினி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் நேராகவே குரல் கொடுக்கும், யுடிபி 3702 என்ற போர்ட்டில். போர்ட் என்பது தகவல் வந்துபோகக் கணினியில் உள்ள எண்ணிட்ட வாசல்.

முதலில் நெட்வொர்க் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் உங்கள் இணைப்பைத் திறந்தால் "பப்ளிக்", "பிரைவேட்" என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பப்ளிக் என்றால் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாக விண்டோஸ் நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். உங்கள் அலுவலகம் என்றால் பிரைவேட் ஆக்குங்கள். நான் பார்த்தவரை, பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்து, மேம்பட்ட பகிர்வு அமைப்புகளில் "நெட்வொர்க் டிஸ்கவரி", "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" இரண்டையும் ஆன் செய்யவேண்டும். பிரைவேட் பகுதியில் மட்டும் போதும், பப்ளிக் பகுதியைத் தொடவேண்டாம்.

அதற்குப் பிறகும் ஒரு கணினி மட்டும் தெரியவில்லை என்றால், தெரியாத அந்தக் கணினியில் போய் உட்காருங்கள். பலரும் தேடுகிற கணினியிலேயே மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். குரல் கொடுக்காதது அது அன்று, மற்றது. சர்வீசஸ் பட்டியலில் "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்று ஒரு சேவை இருக்கும். கூவுவது அதுதான். "ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்" என்பது கேட்பது. இரண்டையும் "ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்" என்று வைத்துவிட்டு, அப்போதே ஒருமுறை ஸ்டார்ட்டும் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் அல்லாத வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கென்று தனி ஃபயர்வால் இருக்கும். அதிலும் இந்த நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்கவேண்டும்.

எல்லாம் செய்தும் பட்டியலில் வரவில்லை. வாடிக்கையாளர் காத்திருக்கிறார். உடனடியாக வழி உண்டா?

உண்டு. பட்டியலை மறந்துவிட்டு நேராக வீட்டுக்குப் போங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் கதவிலக்கமான ஐபி முகவரியைத் தட்டி என்டர் கொடுங்கள். பகிர்ந்த ஃபோல்டர்கள் திறந்துவிடும். முகவரி தெரியவில்லை என்றால் அந்தக் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் காட்டும்.

பட்டியலில் தெரிவதும் கணினி திறப்பதும் இரு வேறு வேலைகள். தெரிவதற்குக் குரல் வேண்டும். திறப்பதற்கு முகவரியும் டிசிபி 445 என்ற போர்ட்டும் அனுமதியும் இருந்தால் போதும். அன்றாடம் திறக்கும் ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக இணைத்துவைத்துவிட்டால், பட்டியலின் பக்கமே போகவேண்டியதில்லை. டேலி தரவு ஃபோல்டரை எல்லா மேசைகளிலும் நான் அப்படித்தான் வைத்துக்கொடுக்கிறேன். 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் அவசரத்தில் யாரும் நெட்வொர்க் பட்டியலில் பெயர் தேடக்கூடாது.

முகவரி போட்டால் இன்று திறக்கிறது, நாளை திறக்கவில்லையே?

முகவரி மாறியிருக்கும். ரௌட்டர் முகவரிகளை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ரௌட்டரின் பக்கத்தில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று ஒரு வசதி இருக்கும். அதில் முக்கியமான கணினிக்கும் பிரிண்டருக்கும் ஒரே முகவரி எப்போதும் கிடைக்கும்படி எழுதிவையுங்கள். கணினியிலேயே கையால் நிலையான முகவரி போடலாம்தான். ஆனால் ரௌட்டரும் அதே எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும். காட்பாடியில் ஒரு டிடிபி கடையில் திருமண அழைப்பிதழ் பருவத்தில் இரண்டு நாள் வேலை நின்றுபோனது இதனால்தான். கடை முதலாளியின் கைபேசிக்கும் பிரிண்டருக்கும் ஒரே எண். அவர் கடைக்குள் வந்தால் பிரிண்டர் நிற்கும், டீ குடிக்க வெளியே போனால் ஓடும். கண்டுபிடிக்கும்வரை நான் தூங்கவில்லை.

அதோடு ஒரு தாள். எந்தக் கணினி, எந்த மேசை, என்ன பெயர், என்ன முகவரி, என்ன பகிரப்பட்டிருக்கிறது என்று எழுதி ரௌட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதக்கூடாது. திரையில் வரும் பட்டியல் குரல்களின் பட்டியல். உங்கள் அலுவலகத்தின் உண்மையான பதிவேடு இந்தத் தாள்தான்.

மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த பிறகு யாரையும் யாருக்கும் தெரியவில்லை. ஏன்?

கோடையில் இது நம் ஊருக்கே உரிய தொல்லை. கரண்ட் வந்ததும் கணினிகள் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகின்றன. ரௌட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. முகவரி கேட்ட கணினிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. உடனே அது தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்கிறது. அந்த எண்ணைப் பார்த்தாலே "ரௌட்டரிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை" என்று அர்த்தம். சில நிமிடங்களில் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அவசரம் என்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

சில நேரம் விண்டோஸ் இதைப் புதிய நெட்வொர்க் என்று எண்ணி பப்ளிக் வகையில் போட்டுவிடும். நேற்று வரை தெரிந்த கணினி இன்று காலை தெரியவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். ரௌட்டருக்கும், பல கணினிகளின் கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கிவைத்தால் இந்தத் தொல்லையே இருக்காது. கணினிகளுக்கு யுபிஎஸ் வாங்கும் அலுவலகங்கள் ரௌட்டரை மறந்துவிடுகின்றன.

கீழ்த்தளத்துக் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கின்றன. மாடியில் உள்ளவையும் அப்படியே. கீழும் மேலும் மட்டும் பார்த்துக்கொள்வதில்லை.

இரண்டு தெருக்கள். கீழே இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிவந்த ரௌட்டர். மேலே உள்ள முகவரிகள் 192.168.0 என்றும் கீழே உள்ளவை 192.168.1 என்றும் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். டிஸ்கவரியின் குரல் ரௌட்டரைத் தாண்டாது.

மாடி ரௌட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றுங்கள். அந்தத் தேர்வு இல்லாத ரௌட்டராக இருந்தால், அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, அதன் முகவரியைக் கீழ் மோடத்தின் வரிசையிலேயே யாருக்கும் கொடுக்கப்படாத ஓர் எண்ணாக மாற்றி, கீழிருந்து வரும் கேபிளை "வான்" துளையிலிருந்து எடுத்து "லான்" துளைகளில் ஒன்றில் செருகுங்கள். அதோடு ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் ஸ்விட்சாக மாறிவிடும். மேலும் கீழும் ஒரே தெருவாகிவிடும்.

ஒரே ரௌட்டர்தான். இருந்தும் வைஃபையில் உள்ள லேப்டாப் மற்றவற்றைப் பார்க்கவில்லை.

அது விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கும். அல்லது ரௌட்டரில் "ஏபி ஐசொலேஷன்" ஆன் ஆகியிருக்கும். வைஃபையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பதற்கான பூட்டு அது. லேப்டாப்பின் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் ஓடினாலும் இப்படி ஆகலாம்.

கணினி தெரிகிறது, சொடுக்கினால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. எதைக் கொடுப்பது?

திறக்கப்படும் கணினியில் உள்ள பயனர் பெயர், அதன் பாஸ்வேர்டு. உங்கள் கணினியினுடையது அன்று. காலையில் திரையைத் திறக்கத் தட்டும் நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது. அது அந்தக் கணினிக்குள் மட்டும் வேலை செய்யும். அங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்நுழைபவர் என்றால் அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும்.

நான் செய்வது வேறு. கோப்புகள் உள்ள கணினியில், பகிர்வதற்கென்றே ஒரு சாதாரணப் பயனரை நிர்வாகி உரிமை இல்லாமல் உருவாக்கி, நீளமான பாஸ்வேர்டு வைத்து, அதை மட்டும் மற்ற மேசைகளில் சேமித்துவைக்கிறேன். யாரேனும் வேலையை விட்டுப் போனால் அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு இன்னொரு புகார் வருகிறது. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துகொண்டிருந்த பழைய சேமிப்புப் பெட்டிகளும், ரௌட்டரில் செருகிய ஹார்டு டிஸ்குகளும் திடீரென்று திறக்க மறுக்கின்றன. அந்தப் பதிப்பின் புரோ வகையில் விருந்தினர் நுழைவு இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது, தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையெழுத்தும் கட்டாயமாகியிருக்கிறது. அந்தப் பூட்டை உடைக்கும் வழி தேடாதீர்கள். சேமிப்புப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதில் ஒரு பயனரை உருவாக்குங்கள்.

நம் அலுவலகம்தானே, பாஸ்வேர்டே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன?

இதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகள் குடும்பத்தோடு வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அங்கே ஒரு லாட்ஜில் "வரவேற்பறைக் கணினி பின்னறையில் தெரியவில்லை" என்று அழைத்தார்கள். போனேன். மேலே ஓர் அறை வாசலில் என் லேப்டாப்பைத் திறந்து, தங்குபவர்களுக்குக் கொடுக்கும் அதே வைஃபையில் சேர்ந்தேன். நெட்வொர்க் பட்டியலில் வரவேற்பறைக் கணினி முதல் பெயராக நின்றது. சொடுக்கியதும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது. உள்ளே, லாட்ஜுக்கு வந்து போனவர்களின் ஆதார் நகல்கள், பாஸ்போர்ட் நகல்கள், சிலருடைய மருத்துவச் சீட்டுகள்கூட. எல்லாம் வருடவாரியாக, மாதவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

நோயோடு, மொழி தெரியாத ஊருக்கு வந்து, கேட்டவுடன் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன ஆவணங்கள் அவை. அன்று மாலை அந்த மேலாளரிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. முன்பு யாரோ ஒருவர் "எளிதாக இருக்கட்டும்" என்று பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்து, "எவ்ரிஒன்" என்ற பெயருக்கு முழு உரிமை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது என்னவென்றே மேலாளருக்குத் தெரியாது.

செய்தது இவ்வளவுதான். தங்குபவர்களுக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்தேன். பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆன் செய்தேன். பின்னறைக்கு மட்டும் ஒரு பயனர் உருவாக்கி, அவருக்கும் தேவையான ஒரே ஃபோல்டரை மட்டும் கொடுத்தேன். முக்கால் மணி நேர வேலை. விடுதி, மருந்துக்கடை, பரிசோதனைக்கூடம், ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர்கள் இதை இன்றே சோதித்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையில் ஒரு லேப்டாப்பைச் சேர்த்து, நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, உங்கள் கணினி தெரிகிறதா, தெரிந்தால் திறக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். முகவரியைத் தட்டியும் பாருங்கள்.

தொழிற்கூடத்தில் ஓர் இயந்திரம் விண்டோஸ் எக்ஸ்பி-யில்தான் ஓடுகிறது. மாற்ற முடியாது. புதிய கணினியிலிருந்து அதற்கு ஃபைல் அனுப்புவது எப்படி?

ஆம்பூர்ப் பக்கம் வெட்டும் இயந்திரங்களோடு வந்த கணினிகளில் இந்த நிலை உண்டு. எக்ஸ்பி-க்கு எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது. அதற்காக அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் பழைய நெறிமுறையைத் திறப்பது தவறு. எக்ஸ்பி கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக நெட்வொர்க்கிலிருந்தும் துண்டித்துவிடுங்கள். நாளுக்கு நான்கைந்து ஃபைல் என்றால், அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பென் டிரைவை ஸ்கேன் செய்து பயன்படுத்துவதே போதும். ஓயாமல் அனுப்பவேண்டும் என்றால் நடுவில் இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு லினக்ஸ் பெட்டி வைக்கலாம். ஒரு கை இயந்திரத்தின் பக்கம் பழைய மொழி பேசும், மறு கை அலுவலகத்தின் பக்கம் புதிய மொழி பேசும். இரண்டும் நேராகத் தொட்டுக்கொள்ளாது. இதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

லினக்ஸ் கணினியை விண்டோஸ் பார்க்குமா?

சம்பா என்ற மென்பொருள் இருந்தால் பேசும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 இறுதியில் தொடங்கிய படைப்பு அது, இன்றும் இலவசம். ஆனால் பேசுவது வேறு, தெரிவது வேறு என்று முன்பு சொன்னது இங்கே நன்றாக விளங்கும். சம்பா தானாக டபிள்யூஎஸ் டிஸ்கவரியில் கூவுவதில்லை. அதனால் லினக்ஸ் கணினி முகவரி போட்டால் திறக்கும், பட்டியலில் வராது. டபிள்யூஎஸ்டிடி என்ற சிறிய துணை நிரலை நிறுவினால் அதுவும் வந்துவிடும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸைத் திறக்க, ஃபைல் மேலாளரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் போட்டு, ஐபி முகவரியைச் சேருங்கள். அரசு கொடுத்த பள்ளி லேப்டாப்புகளில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அதிலும் இதே முறை. அந்த லேப்டாப்புகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டு, சிறிய கடைக்குக் கோப்புப் பெட்டியாக ஆக்கலாம். நான் மூன்று இடங்களில் செய்திருக்கிறேன்.

மேக் கணினி?

ஃபைண்டரின் பக்கப்பட்டையில் நெட்வொர்க் இருக்கும். அது பான்ஜூர் என்ற வேறு குரலையும் கேட்கிறது, யுடிபி 5353-ல். விண்டோஸ் கணினி அங்கே தெரியவில்லை என்றால் கமாண்ட் விசையோடு கே அழுத்தி, லினக்ஸுக்குச் சொன்ன அதே வடிவில் முகவரியைக் கொடுங்கள்.

பட்டியலை நம்ப முடியாது என்றால், என் நெட்வொர்க்கில் உண்மையிலேயே எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். முகவரி வாங்கிய எல்லாமே அங்கே வரும்: கைபேசிகள், கேமராப் பெட்டி, தொலைக்காட்சி, கைரேகை வருகைப்பதிவுக் கருவி. சுவரில் ஒட்டிய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாளில் இல்லாத ஒன்று இருந்தால், யாருடையது என்று தெரியும்வரை விடாதீர்கள். தெரியவில்லை என்றால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய பிங் கட்டளை கொடுப்பது வழக்கம். பதில் வந்தால் இருக்கிறது. பதில் வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர்வால் அந்தக் கேள்வியையே தடுத்திருக்கலாம். பிங் கொடுத்த கையோடு ஏஆர்பி கட்டளையை ஆங்கில "ஏ" என்ற குறியோடு கொடுத்தால், அந்த முகவரிக்கு எதிரே வன்பொருள் எண் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே தெருவில் இருக்கும் கருவி பிங்குக்கு வாய் திறக்காவிட்டாலும் ஏஆர்பி-க்குப் பதில் சொல்லிவிடும். ஆள் உள்ளே இருக்கிறார், கதவு மட்டும் சாத்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கல்லூரி விடுதி வைஃபையில் மற்ற அறைகளின் கணினிகளைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் அடைத்திருப்பார்கள், அடைத்திருப்பதே சரி. எங்காவது திறந்திருந்தாலும், அனுமதி இல்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றமாகலாம். 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. பழகிப் பார்க்க ஆசை என்றால் ஒரு பழைய ரௌட்டரும் இரண்டு லேப்டாப்பும் போதும், உங்களுடைய நெட்வொர்க்கை நீங்களே கட்டலாம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பிரிண்டர் அடிக்கடி "ஆஃப்லைன்" என்கிறது, ஆனால் அதன் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

விண்டோஸ் அதை டிஸ்கவரி வழியாகக் கண்டுபிடித்து டபிள்யூஎஸ்டி போர்ட்டில் சேர்த்திருக்கும். குரல் கேட்காத நேரத்தில் பிரிண்டர் இல்லை என்று முடிவு செய்துவிடும். பிரிண்டருக்கு ரௌட்டரில் நிலையான முகவரி கொடுத்து, "ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்" வழியாக மறுபடி சேருங்கள். தீர்ந்துவிடும்.

ஒரு சாதாரண விண்டோஸ் கணினியில் உள்ள ஃபோல்டரை எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம்?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உரிமப்படி 20 இணைப்புகள் வரை. அதற்கு மேல் தேவைப்படும் அலுவலகம் தனிச் சேமிப்புப் பெட்டியோ சர்வரோ வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கணினிக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய பெயர்முறை 15 எழுத்துக்கு மேல் ஏற்காது, ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு தவிர மற்றவை பல இடங்களில் தகராறு செய்யும். பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, மேசையைக் குறிப்பதாக வையுங்கள். ஆளின் பெயரை வைக்காதீர்கள், ஆள் மாறுவார். பகிரும் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளுக்குத் தாராளமாகத் தமிழில் பெயர் வைக்கலாம்.

கைபேசியிலிருந்து?

ஐஃபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே சர்வரோடு இணையும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி ஆதரவுள்ள ஃபைல் மேலாளர் செயலி வேண்டும். இரண்டிலும் பட்டியலைத் தேடாமல் முகவரியைத் தட்டுங்கள்.

தொழிற்கூடத்தின் மறுகோடியில் உள்ள ஒரே ஒரு கணினி சில நேரம் தெரிகிறது, சில நேரம் மறைகிறது. எல்லா அமைப்புகளையும் சரிபார்த்துவிட்டோம்.

அமைப்புகளை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. ராணிப்பேட்டையில் ஒரு கூடத்தில் அளந்து பார்த்தோம், சுவரோரமாக வளைந்து வளைந்து போனதில் 130 மீட்டரைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் போதும். ஆனால் அது தகரக் கூரையின் கீழே, கத்திரி வெயிலில் கொதிக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெட்டவெளியில் போகிறது என்றால் செம்பு வேண்டவே வேண்டாம், ஃபைபர் போடுங்கள். மே மாத மாலை இடிமழையில் அப்படிப் போன செம்புக் கேபிள் வழியாக மின்னல் தாக்கம் இறங்கி, ஸ்விட்சின் எட்டுத் துளைகளும் ஒரே நொடியில் போன இடத்துக்கு மறுநாள் காலை நான் போயிருக்கிறேன்.